உறைந்த குழாய்க்குள் என்சைம் எப்படிச் செத்தது? கரைத்துப் பார்த்தால் பிஎச் சரியாகவே இருக்கிறதே!

கோழிக்கறி ஆய்வாளர் (கேள்வி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கமாகக் கேட்டால் "கரைக்கும்போது ஏதோ தப்பு செய்திருப்பீர்கள்" என்ற ஒரே பதில்தான் எல்லோரிடமிருந்தும் வருகிறது. அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருடம். கோழி நெஞ்சுக்கறியிலிருந்து லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைமைப் பிரித்தெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இனிமேல் எல்.டி.எச். என்றே எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் முதல் ஆளாக நின்று, "தோல் வேண்டாம், எலும்பு வேண்டாம், கழுவவும் வேண்டாம்" என்று சொல்லி வாங்குவேன். கடைக்காரர் இன்னும் என்னை விசித்திரமாகத்தான் பார்க்கிறார். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, மிக்ஸியில் அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அம்மோனியம் சல்ஃபேட் போட்டு வீழ்படிவாக்கி, உப்பை நீக்கி, கடைசியில் கையில் கிடைப்பது தெளிந்த திரவம் சில மில்லி. அதற்கே ஒரு வாரம் ஆகிவிடும்.

அந்தத் திரவத்தை 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 7.2-இல் வைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 20 ஃப்ரீசரில் போட்டேன். ஒரே ஒரு குழாயை மட்டும் இடமில்லாமல் சாதாரண ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்துச் சோதித்தால், ஃப்ரிட்ஜில் அலட்சியமாகக் கிடந்த குழாய் நன்றாக வேலை செய்கிறது. பத்திரமாக உறைய வைத்த குழாய்களில் ஐந்தில் ஒரு பங்கு செயல்பாடுகூட இல்லை. என்சைம் வேலை செய்தால் 340 நானோமீட்டர் ஒளி அளவீட்டில் கோடு சரிய வேண்டும், சரியவே மாட்டேன் என்கிறது.

வழிகாட்டி, "என்னம்மா, கரைக்கக்கூடத் தெரியாதா?" என்றார். தெரியும். ஐஸ் மேல் வைத்து மெதுவாகத்தான் கரைத்தேன். கையில் தேய்த்து வேகமாகவும் கரைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். கிருமி ஏதாவது புகுந்ததா என்று பார்த்தேன், இல்லை. பஃபர் கெட்டுப்போனதா என்று கரைந்த குழாயில் பிஎச் பார்த்தேன். 7.2! போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே.

என் சந்தேகம் இதுதான். குளிர்ந்தால் வேதிவினை மெதுவாகும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து படித்துவருகிறோம். 4 டிகிரியில் பத்து நாள் தாங்கிய பொருள், அதைவிட 24 டிகிரி குறைவான இடத்தில் எப்படிச் சாகும்? உறைந்த கட்டிக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

இரவு ஷிஃப்ட்

ரொம்ப சிம்பிள். ஐஸ் படிகம் ஊசி மாதிரி வளரும். புரோட்டீனைக் குத்திக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் வைத்த தக்காளி கரைந்ததும் கூழாகிப்போவது இதனால்தான். லிக்விட் நைட்ரஜனில் சட்டென்று உறைய வையுங்கள், படிகம் சின்னதாக இருக்கும், பிரச்சினை தீர்ந்தது.

பழைய லையோ ஆள்

மேலே சொன்ன தம்பி கோபிக்க வேண்டாம். தக்காளிக்குச் சரி, கரைசலில் இருக்கும் புரோட்டீனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செல் பெரியது, அதன் தோலை ஊசி கிழிக்கும். புரோட்டீன் மூலக்கூறு சில நானோமீட்டர்தான். யானை கட்டும் சங்கிலியால் கொசுவைக் கட்ட முடியுமா? ஆனால் ஐஸின் பரப்பில் ஒட்டி புரோட்டீன் உருக்குலைவது உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. ஊசி மருந்துத் தொழிற்சாலையில் 27 வருடம் உறைய வைத்து உலர்த்தும் பிரிவில் இருந்தேன். லையோபிலைசர் என்று கருவிக்குப் பெயர், நாங்கள் லையோ என்போம். குப்பிக்குள் வெள்ளையாக ஒரு வில்லை இருக்குமே, தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஊசி போடுவார்களே, அதைச் செய்வதுதான் வேலை. கேக் என்று சொல்வோம். தின்ன முடியாத கேக்.

அம்மா, நீங்கள் கரைத்ததில் தப்பில்லை. உறைய வைத்த பஃபரில்தான் தப்பு.

சின்ன வயதில் குச்சி ஐஸ் தின்றிருப்பீர்கள். சிவப்பு ஐஸைக் கடிக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். கடைசியில் குச்சியில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ், பச்சைத் தண்ணீர் ருசி. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. தண்ணீர் படிகமாகும்போது தன் அடுக்குக்குள் வேறு எவரையும் சேர்ப்பதில்லை. உப்பு, சர்க்கரை, சாயம், அமிலம், கரைந்திருக்கும் காற்று என்று எல்லாவற்றையும் வெளியே தள்ளும். தள்ளப்பட்டவை எங்கே போகும்? படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே இருக்கும் சந்துகளில், இன்னும் உறையாத கொஞ்சம் தண்ணீரில் ஒண்டிக்கொள்ளும். நீங்கள் வெளியிலிருந்து பார்க்கும்போது கல் மாதிரி இருக்கும் கட்டிக்குள் நரம்பு நரம்பாகத் திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. குச்சி ஐஸில் நீங்கள் உறிஞ்சியது அந்த நரம்புகளைத்தான்.

அந்தச் சந்துத் தண்ணீர் எவ்வளவு செறிவு என்று ஒரு கணக்கு போடுவோம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்பு. உப்புத் தண்ணீர் முழுவதுமாக உறைய மைனஸ் 21.1 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், அந்தக் கட்டத்தில் மிச்சத் திரவம் 23 சதவீத உப்பாக இருக்கும். அப்படியென்றால் 100 மில்லி சலைனில் 97 மில்லி ஐஸாகிவிட்டது, மொத்த உப்பும் மீதி 3 மில்லியில் நெருக்கியடித்து நிற்கிறது. உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 20. கவனித்தீர்களா? சோடியம் குளோரைடு இருக்கும் எந்தக் கரைசலும் அந்த ஃப்ரீசரில் கடைசிவரை முழுசாக உறைவதே இல்லை. ஒரு டிகிரி மிச்சம் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இன்னொன்று. சந்தில் இருக்கும் திரவத்தின் செறிவைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், நீங்கள் போட்ட அளவு அல்ல. மைனஸ் 10-இல் உப்புத் தண்ணீர் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நிற்கும். நீங்கள் ஆரம்பத்தில் எவ்வளவு நீர்க்கப் போடுகிறீர்களோ அவ்வளவு அதிக மடங்கு செறிவாகும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்போடு ஆரம்பித்தால் 2,500 மடங்குக்கு மேல். "கொஞ்சமாகத்தானே இருக்கிறது, என்ன செய்துவிடும்" என்ற சமாதானம் ஐஸுக்குள் எடுபடாது.

இப்போது உங்கள் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு வருவோம். 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும் என்பது தோராயக் கணக்கு. 20-லிருந்து மைனஸ் 10 வரை மூன்று பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு வேகம். பாடம் பொய்யில்லை. ஆனால் அதே நேரத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு ஆயிரம் மடங்கு கூடிவிட்டால்? எட்டால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 1992-இல் ஜப்பானில் டகேனாகாவும் கூட இருந்தவர்களும் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள். அமிலக் கரைசலில் நைட்ரைட்டு, கரைந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரேட்டாக மாறுவது சாதாரணமாக ஆமை வேகம். அதையே உறைய வைத்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேகம். கலக்கவில்லை, சூடு பண்ணவில்லை, வெறுமனே உறைய வைத்தார்கள்.

சரி, உங்கள் என்சைமுக்கு வருகிறேன். இங்கே செறிவு மட்டும் குற்றவாளி இல்லை.

பாஸ்பேட் பஃபர் என்பது இரண்டு தட்டுத் தராசு. ஒரு தட்டில் டைசோடியம் பாஸ்பேட், காரப் பக்கம். மறு தட்டில் மோனோசோடியம் பாஸ்பேட், அமிலப் பக்கம். இரண்டும் சரியான விகிதத்தில் இருக்கும்வரை பிஎச் 7 பக்கத்தில் நிற்கும். உறையும்போது என்ன கோளாறு என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் கரைசலை விட்டுப் போவதில்லை. டைசோடியம் பாஸ்பேட் குளிரில் கரைவதே கஷ்டம், மைனஸ் 0.5 டிகிரியிலேயே 12 தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு படிகமாக வெளியேற ஆரம்பிக்கலாம். நடைமுறையில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் போகும், ஆனால் போய்விடும். மோனோசோடியம் பாஸ்பேட்டோ மைனஸ் 10-ஐ நெருங்கும்வரை திரவத்திலேயே இருக்கும். ஒரு தட்டு காலி, மறு தட்டு நிறைந்து கிடக்கிறது. பிஎச் 7-லிருந்து 4 பக்கத்துக்கு இறங்கிவிடும். பஃபர் போட்டதே பிஎச் மாறாமல் இருக்கத்தான், இங்கே பஃபரே கவிழ்க்கிறது. வான் டென் பெர்க், ரோஸ் என்ற இருவர் 1959-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள்.

எல்.டி.எச். நான்கு துண்டுகள் சேர்ந்த என்சைம். பிஎச் 4-இல், அதுவும் உப்பு நெரிசலில், அந்த நாலும் பிரிந்து உருக்குலையும். பத்து நாள் இப்படி ஊறினால் என்ன மிஞ்சும்?

கரைத்த பிறகு பிஎச் 7.2 காட்டியதே என்கிறீர்கள். காட்டத்தான் செய்யும். ஐஸ் உருகினால் அந்தப் படிகமும் கரைந்து திரும்பத் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தராசு நேராகிவிடும். திருடன் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் போனால் போலீஸ் என்ன செய்யும்? என்சைம் மட்டும்தான் திரும்ப எழுந்து வராது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடிபட்டுத்தான். தொண்ணூறுகளில் ஒரு புரோட்டீன் ஊசி, பெயர் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் கேக் கரைந்து தெளிவாக வர வேண்டும். எங்களுக்கு லேசாகப் பால் கலந்த மாதிரி கலங்கி வந்தது. மேலே இருந்தவர்கள் குப்பி கழுவும் பகுதிப் பெண்கள்மேல் பழி போட்டார்கள். மூன்று மாதம் அந்தப் பெண்கள் திட்டு வாங்கினார்கள். குப்பியைப் பத்து முறை கழுவினாலும் கலங்கல் போகவில்லை. கடைசியில் ஃபார்முலேஷன் ஆள், அதாவது மருந்தில் எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்பவர் ஒருவர், வந்து சோடியம் பாஸ்பேட்டை எடுத்துவிட்டு ஹிஸ்டிடின் என்ற வேறு பஃபர் போட்டார். அடுத்த பேட்ச் பளிங்கு மாதிரி வந்தது. அந்தப் பெண்களிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

இப்போது தம்பி சொன்ன லிக்விட் நைட்ரஜன். சட்டென்று உறைய வைத்தால் டைசோடியம் பாஸ்பேட்டுக்குப் படிகமாக நேரம் கிடைக்காது, பிஎச் அவ்வளவு இறங்காது, அது நல்லது. ஆனால் படிகங்கள் பொடிப்பொடியாக நிறைய வரும், ஐஸின் பரப்பு மொத்தமாகக் கூடிவிடும், பரப்பில் ஒட்டிச் சாகும் புரோட்டீன் அதிகமாகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆகவே முதலில் பஃபரை மாற்றுங்கள். பொட்டாசியம் பாஸ்பேட் பரவாயில்லை, அதில் அமிலப் பக்கம் முந்திப் படிகமாகும், பிஎச் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனால் அதில் பழக்கதோஷத்தில் சோடியம் குளோரைடைச் சேர்த்துவிடாதீர்கள். சோடியம் வந்துவிட்டால் பழைய கதை திரும்பத் தொடங்கும். கூடவே ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை அல்லது சாதாரணச் சர்க்கரை போடுங்கள். இல்லையென்றால் பாதிக்குப் பாதி கிளிசரால் ஊற்றுங்கள், மைனஸ் 20-இல் உறையவே உறையாது, சர்பத் மாதிரி இருக்கும். கம்பெனிகள் விற்கும் எல்.டி.எச். பெரும்பாலும் அம்மோனியம் சல்ஃபேட்டில் கரையாமல் மிதக்கும் தொங்கலாக, 4 டிகிரியில் வைக்கச் சொல்லித்தான் வருகிறது. காரணமில்லாமல் செய்வார்களா?

கோழிக்கறி ஆய்வாளர்

சார், இரண்டு தடவை படித்தேன். "திருடன் திரும்ப வைத்துவிட்டுப் போனான்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். உறைந்திருக்கும்போதே அந்த பிஎச் 4-ஐ நேரில் பார்க்க வழியுண்டா? எங்களிடம் இருக்கும் பிஎச் மீட்டரின் கண்ணாடி முனையை ஐஸுக்குள் விட்டால் உடைந்துவிடும், அப்புறம் என்னைத்தான் உடைப்பார்கள்.

பார் ஐஸ்

எங்கள் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சார் சொன்ன "வெளியே தள்ளும்" விஷயத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

பார் ஐஸ் எப்படிச் செய்வார்கள் தெரியுமா? பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீரை மைனஸ் 10 பக்கம் குளிர வைத்திருப்பார்கள். அதற்குள் உயரமான தகரக் கேன்களை வரிசையாக இறக்கி, கேனுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள். மேலே மரப்பலகை மூடி. அந்தப் பலகைமேல் ஓடி விளையாடி நான் வாங்கிய அடி தனிக்கதை. உறைவது கேனின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரும். ஓரத்து ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், கை வைத்தால் மறுபக்கம் தெரியும். நடுவில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் தண்டு ஒன்று மேலிருந்து கீழ் வரை ஓடும். தண்ணீரில் இருந்த உப்பும் காற்றும் ஓடி ஓடிக் கடைசியில் மாட்டிக்கொண்ட இடம் அது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் கோடையில் அந்தத் தண்டை உடைத்து நக்கினால் கரிக்கும். ஓரத்து ஐஸ் கரிக்காது. இதை வைத்துப் பந்தயம் கட்டிப் புதுப் பையன்களிடம் காசு பறித்திருக்கிறோம்.

கண்ணாடி ஐஸ் கேட்டு ஆர்டர் வந்தால் அப்பா ஒன்று செய்வார். முக்கால் உறைந்ததும் நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுவார். "தண்ணியோட பாவமெல்லாம் நடுவுல வந்து நிக்கும், அதை எடுத்துட்டா போதும்" என்பார். அவருக்கு வேதியியல் தெரியாது.

மீன் விஷயத்திலும் இதே கதைதான் என்று இப்போது தோன்றுகிறது. ஐஸ் போட்டு வைத்த மீன் உறைவதில்லை, சும்மா ஜில்லென்று இருக்கும், நாலு நாள் நன்றாக இருக்கும். அதே வஞ்சிரத்தை வீட்டு ஃப்ரீசரில் இரண்டு மாதம் போட்டுவிட்டுக் குழம்பு வைத்தால் பஞ்சு மாதிரி சக்கையாக வருகிறது. மத்தி என்றால் பழைய எண்ணெய் வாடை வேறு. கெட்டுப்போகவில்லை, ஆனால் உள்ளே ஏதோ வேலை நடந்திருக்கிறது.

வடக்கே ஒருவன்

நான் வடக்கு ஸ்வீடனில் உமேயோ நகரத்தில் இருக்கிறேன். தண்ணீர் சுத்திகரிப்பு வேலை. இங்கே வருடத்தில் பல மாதம் எல்லாமே ஐஸ். வசந்தத்தில் பனி உருகி ஓடைகள் வரும்போது தண்ணீர் நல்ல டீ நிறத்தில் இருக்கும். இலைதழை அழுகிய கரிம அமிலமும் இரும்பும்தான் அந்த நிறம். வந்த புதிதில் யாரோ சாயப்பட்டறைக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன், ஊர்ப் பழக்கம்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே போயிலி என்ற பேராசிரியரின் குழு 2025-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கோதைட் என்ற சாதாரண இரும்புத் தாது, மண்ணில் மஞ்சள் பழுப்பாக இருப்பது. அதோடு ஆக்சாலிக் அமிலத்தைச் சேர்த்து ஒரு பங்கை 4 டிகிரித் தண்ணீரில் வைத்தார்கள், ஒரு பங்கை மைனஸ் 10-இல் ஐஸாக்கினார்கள். அதிக இரும்பைக் கரைத்து வெளியே விட்டது ஐஸ்தான். காரணம் மேலே சார் சொன்ன அதே சந்துகள். அமிலமும் தாதுத் துகளும் அந்தச் சந்துக்குள் ஒன்றாக நசுங்கிக் கிடக்கின்றன. உறைந்து உருகி, திரும்ப உறைந்து உருகினால் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு தடவை உருகும்போதும் மாட்டிக்கொண்டிருந்த அமிலம் விடுபட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். உப்பு அளவும் முக்கியம், நல்ல தண்ணீரிலும் லேசான உப்புத் தண்ணீரிலும் நடப்பது கடல் தண்ணீரில் அடங்கிவிடுகிறது.

அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் 75 ஓடைகளாவது ஆரஞ்சு நிறமாக மாறிவிட்டன என்று 2024-இல் வந்த ஆய்வையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். நான் அவசரப்பட மாட்டேன். அங்கே நிரந்தர உறைமண் இளகி, உள்ளே மூடிக்கிடந்த சல்ஃபைடு தாதுக்களில் காற்றும் தண்ணீரும் படுவதுதான் பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. ஐஸுக்குள் நடக்கும் வினைக்கு அதில் பங்கு இருக்கலாம், ஆனால் அந்த ஓடைகளில் யாரும் அதைப் பிரித்துக் காட்டியதாக நான் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐஸ் எல்லோரையும் ஒரே மாதிரித் துரத்துவதில்லை. குளோரைடும் அம்மோனியமும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே நுழைந்துவிடும், சோடியம் அவ்வளவாக நுழையாது. ஒரு பக்க மின்னூட்டம் மட்டும் உள்ளே போனால் ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே மின்னழுத்தம் உண்டாகும். 1950-இல் நியூ மெக்சிகோவில் வொர்க்மன், ரேனால்ட்ஸ் இருவரும் இடிமேகத்தில் மின்சாரம் எப்படி வருகிறது என்று தேடப்போய் இதை அளந்தார்கள். மிக நீர்த்த அம்மோனியாக் கரைசலில் 200 வோல்ட்டைத் தாண்டியது. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட ஹைட்ரஜன் அயனிகள் இடம் மாறும். பஃபரே போடாத தண்ணீரிலும் உறையும்போது பிஎச் நகர்வது அதனால்தான்.

இரவு ஷிஃப்ட்

நான் எழுதியது பாதி தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மைனஸ் 20 ஆபத்து என்றால் மைனஸ் 80-இல் வைத்தால் எல்லாம் நின்றுவிடுமா?

பழைய லையோ ஆள்

தம்பி, பெரும்பாலும் நிற்கும். சர்க்கரை போட்ட கரைசல் என்றால் மைனஸ் 32 பக்கத்திலேயே சந்துத் திரவம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், மூலக்கூறுகளுக்கு நகர இடமிருக்காது. அதனால்தான் நாங்கள் லையோவில் தட்டுகளை மைனஸ் 45 வரை இறக்கிவிட்டு அப்புறம்தான் வெற்றிடத்தைப் போடுவோம்.

ஆனால் "முற்றிலும்" என்ற வார்த்தையைச் சொல்லும் முன்பு ஸ்டான்லி மில்லரை நினைத்துக்கொள்ளுங்கள். மின்பொறி விட்டு அமினோ அமிலம் செய்தாரே, அவரேதான். 1972-இல் நீர்த்த அம்மோனியம் சயனைடு கரைசலைக் குழாய்களில் அடைத்து, சிலவற்றை மைனஸ் 20-இலும் சிலவற்றை மைனஸ் 78-இலும் வைத்தார். 25 வருடம் யாரும் தொடவில்லை. திறந்து பார்த்தால் இரண்டிலும் டி.என்.ஏ.வின் எழுத்துகளான அடினைன், குவானைன், அமினோ அமிலமான கிளைசின் எல்லாம் உண்டாகியிருந்தன. 2000-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு நீர்த்த சயனைடு சாதாரணத் தண்ணீரில் இருந்தால் ஒன்றோடொன்று சேராது, தண்ணீரோடு சேர்ந்து சிதைந்துதான் போகும். ஐஸ் அவற்றைச் சந்துக்குள் தள்ளிச் சேர வைத்தது. உயிர் சூடான குளத்தில் தோன்றியதா, உறைந்த குளத்தில் தோன்றியதா என்று சண்டை போடுபவர்கள் இந்தக் குழாய்களைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கோழிக்கறி அம்மாவுக்கு: பிஎச் மீட்டர் வேண்டாம். யூனிவர்சல் இண்டிகேட்டர் சில துளி பஃபரில் போட்டு உறைய வையுங்கள். கண்ணாடிச் சோதனைக் குழாய் வெடிக்கும், பிளாஸ்டிக் குழாய் எடுங்கள். நிறத்தைப் பார்த்து "3.9" என்று எண் சொல்லக் கூடாது. சாயமும் சந்துக்குள் செறிவாகிவிடும், நிறம் ஏமாற்றும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் தெரியும். என்சைம் போடாத வெறும் பஃபரில் செய்யுங்கள், ஒரு வாரக் கோழியை வீணாக்க வேண்டாம்.

கோழிக்கறி ஆய்வாளர்

செய்துவிட்டேன்.

இளங்கலை ஆய்வகத்திலிருந்து இண்டிகேட்டர் கடன் வாங்கினேன். இரண்டு பிளாஸ்டிக் குழாய். ஒன்றில் என் பழைய சோடியம் பாஸ்பேட், இன்னொன்றில் பொட்டாசியம் பாஸ்பேட், இரண்டும் பிஎச் 7.2, இரண்டும் ஒரே பச்சை. மூடியில் சோ, பொ என்று எழுதி மைனஸ் 20-இல் நிறுத்தினேன். கால் மணிக்கு ஒரு முறை திறந்து பார்த்தேன். அந்த ஃப்ரீசரைப் பயன்படுத்தும் மற்றவர்கள் என்னைத் திட்டியதைத் தனி இழையாகவே போடலாம்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை, இரண்டும் திரவமாகவே பச்சையாக இருந்தன. பிறகு எடுத்தபோது பொ கெட்டியாகியிருந்தது. சோ இன்னும் திரவம் மாதிரித் தெரிந்ததே என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், கண் முன்னாலேயே அடியிலிருந்து மேலே வரை சர்ரென்று வெள்ளை ஏறியது. அப்போதும் நிறம் பச்சைதான். சார் சொன்ன "தயங்கித் தயங்கி" இதுதான் போலிருக்கிறது. திரும்ப உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் சோ குழாய் ஓரத்தில் வெளுத்து, நடுவில் ஒரு தண்டு மாதிரி மஞ்சளும் ஆரஞ்சும். பார் ஐஸ் அண்ணா சொன்ன அதே நடுத்தண்டு, ஆனால் நிறத்தோடு. பொ குழாயில் நடுவில் பச்சை, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. இரண்டையும் ஒரு வெள்ளைத்தாள்மேல் வைத்துப் படம் எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் சோ ஓரத்தில் உருக ஆரம்பித்துவிட்டது.

அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். வராந்தாவைத் தாண்டி அவர் அறைக்குள் நுழையும்போது ஆரஞ்சு மஞ்சளாகியிருந்தது. அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கையில் குழாயைப் பிடித்தபடி நின்றேன். அவர் போனை வைத்தபோது என் உள்ளங்கைச் சூட்டில் முழுசாகக் கரைந்து, பழையபடி பச்சை.

"என்ன காட்ட வந்தாய்?" என்றார்.

படத்தைக் காட்டினேன். படத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். இண்டிகேட்டர் பாட்டிலின் தேதியைக் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "திரும்ப உறைய வை. இந்தத் தடவை நான் ஃப்ரீசர் பக்கத்திலேயே நிற்கிறேன்."